மூன்று பிடி குருணை

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்!"

வீட்டில் அண்ணனோ அக்காவோ உங்களை இப்படிக் கேலி செய்திருக்கிறார்களா? உடனே நீங்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடியிருப்பீர்கள். அம்மாவும் சும்மா இருக்காமல், "ஆமாம், ரெண்டு படி தவிடு கொடுத்தேன்" என்று சொல்லி இன்னும் அழ வைத்திருப்பார்!

இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு சோகமான பழைய வழக்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் டாக்டர் கிடையாது. இப்போது போடுகிற தடுப்பூசிகள் கிடையாது. பிறக்கும் குழந்தைகளில் பல, ஒரு வயதைக்கூடத் தாண்டாமல் இறந்துபோகும். ஒரு வீட்டில் இப்படி இரண்டு மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டால், அடுத்துப் பிறக்கும் குழந்தையை 'இது எங்களுடையதே இல்லை' என்று பெற்றவர்கள் காட்டிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்றோ குப்பம்மாள் என்றோ பெயர் வைப்பார்கள். பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்களும் இப்படி வந்தவைதான். 'அட, இது மதிப்பில்லாத குழந்தை போலிருக்கிறதே' என்று எமன் ஏமாந்து திரும்பிப் போய்விடுவானாம்!

எமனை ஏமாற்றும் இந்த வழக்கம் நம் ஊரில் மட்டும் அல்ல, வங்காளத்திலும் இருந்தது. அங்கே தவிட்டுக்குப் பதிலாகக் குருணை. அதாவது நொய் அரிசி. வங்காளிகள் அதை 'குத்' என்பார்கள்.

மேதினிபூர் மாவட்டத்தில் திரைலோக்கியநாத் பாசு, லட்சுமிப்பிரியா தேவி என்ற தம்பதி. அவர்களுக்கு மூன்று பெண்கள். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டுமே இறந்துவிட்டன. 1889-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி மூன்றாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அம்மா பயந்துபோனார். மூத்த மகள் அபரூபாவைக் கூப்பிட்டு, மூன்று பிடி குருணையை வாங்கிக்கொண்டு, குழந்தையை அவளிடமே 'விற்று'விட்டார்!

குருணைக்கு விற்கப்பட்ட பிள்ளை. அதனால் பெயர் குதிராம். குதிராம் போஸ்.

பின்னாளில் வங்காளத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இந்தப் பிள்ளையின் படத்தையும் மாட்டி வைத்தார்கள். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். குதிராம் மறைந்தபோது வயது 18 தான். உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் அண்ணன் இருந்தால் கிட்டத்தட்ட அவர் வயது. அதனால் 'அவர், இவர்' என்று தள்ளி நிறுத்தாமல் 'அவன்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அக்காவின் பிள்ளை

விளையாட்டுக்குச் செய்த வியாபாரம் நிஜமாகவே ஆகிவிட்டது. குதிராமுக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மா இறந்துபோனார். அடுத்த ஓராண்டுக்குள் அப்பாவும் போய்விட்டார். கல்யாணமாகிப் போயிருந்த அபரூபா அக்காதான் தம்பியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தன் பிள்ளையோடு பிள்ளையாக வளர்த்தார்.

தம்லூக் என்ற ஊரில் ஹாமில்டன் பள்ளியில் படித்தான். அப்புறம் மேதினிபூர் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தான். படிப்பில் அவன் முதல் மாணவன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கம்பு சுற்றுவது, உடற்பயிற்சி செய்வது, ஊரில் காலரா, வெள்ளம் என்றால் முதல் ஆளாக ஓடுவது என்றால் அவனைக் கையில் பிடிக்க முடியாது.

அப்போது இந்தியாவை ஆண்டது ஆங்கிலேயர்கள். வைஸ்ராயாக இருந்தவர் கர்சன் பிரபு. அவர் 1905-இல் ஒரு காரியம் செய்தார். வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரித்தார். 'மாகாணம் ரொம்பப் பெரியது, நிர்வாகம் செய்ய முடியவில்லை' என்று காரணம் சொன்னார். ஆனால் மக்களுக்கு உள்நோக்கம் புரிந்துவிட்டது. கிழக்கே முஸ்லிம்கள் அதிகம். மேற்கே இந்துக்கள் அதிகம். இருவரையும் பிரித்துவிட்டால் ஒன்றாகச் சேர்ந்து குரல் கொடுக்க மாட்டார்கள் அல்லவா?

பிரிவினை நடைமுறைக்கு வந்த அக்டோபர் 16-ஆம் தேதி வங்காளத்தில் பல வீடுகளில் அடுப்பே எரியவில்லை. துக்க நாள்! மகாகவி தாகூர் தெருவில் இறங்கி, இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் எதிரில் வந்தவர்கள் கையில் எல்லாம் ராக்கிக் கயிறு கட்டினார். 'வெளிநாட்டுத் துணி வேண்டாம், வெளிநாட்டு உப்பு வேண்டாம், வெளிநாட்டுச் சர்க்கரை வேண்டாம்' என்று கடைத்தெருவில் மாணவர்கள் மறியல் செய்தார்கள். இதுதான் சுதேசி இயக்கம். நம் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினாரே, அதுவும் இந்த அலையில் எழுந்ததுதான்.

கை ஓங்கிய பையன்

மேதினிபூரில் ஒரு ரகசியச் சங்கம் இருந்தது. வெளியே பார்த்தால் உடற்பயிற்சிக் கூடம், நெசவுக் கூடம். உள்ளே வேறு பேச்சு நடக்கும். சத்தியேந்திரநாத் பாசு என்பவர் அதன் முக்கியமான ஆள். ஹேமச்சந்திர கானுங்கோ என்பவர் இன்னொருவர்.

ஒருநாள் ஹேமச்சந்திரர் தெருவில் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு சின்னப் பையன் குறுக்கே வந்து வழியை மறிக்கிறான். எனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று கேட்கிறான்! எதற்குடா என்று கேட்டால், வெள்ளைக்காரனைச் சுட என்கிறான். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டி விரட்டிவிட்டார். அந்தப் பையன்தான் குதிராம் என்று சொல்வார்கள்.

1906 பிப்ரவரியில் மேதினிபூரில் விவசாயப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. நல்ல கூட்டம். வாசலில் நின்று குதிராம் 'சோனார் பாங்ளா' என்ற துண்டுப் பிரசுரத்தை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். சர்க்கார் கண்ணில் அது ராஜத்துரோகம். ஒரு போலீஸ்காரர் வந்து அவன் கையைப் பிடித்தார். பையன் என்ன செய்தான் தெரியுமா? விட்டான் ஒரு குத்து!

கூட்டம் கூடிவிட்டது. அங்கே வந்தார் சத்தியேந்திரநாத். அவர் அப்போது கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரரைப் பார்த்து, "இவன் டெபுடியின் மகன் ஆயிற்றே, இவனையா பிடித்தீர்?" என்று கேட்பதுபோல் ஒரு போடு போட்டார். போலீஸ்காரருக்குக் கை நடுங்கிவிட்டது. டெபுடி என்றால் எவ்வளவு பெரிய அதிகாரி! பிடி தளர்ந்த நேரத்தில் பையன் கூட்டத்தில் புகுந்து மாயமாகிவிட்டான்.

அப்புறம் உண்மை தெரிந்தது. சத்தியேந்திரநாத்துக்கு வேலை போயிற்று. குதிராமும் பிடிபட்டான். ஆனால் வயதைப் பார்த்து, 'சின்னப் பையன்' என்று வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அதே சர்க்கார் அவன் வயதைப் பார்க்கப் போவதில்லை.

பதினைந்து கசையடி

இப்போது கல்கத்தாவுக்குப் போவோம். (இன்று கொல்கத்தா என்கிறோம்.) அங்கே தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் டக்ளஸ் கிங்ஸ்ஃபோர்டு. சுதேசிக்காரர்கள் என்றால் அவருக்கு ஆகாது. பத்திரிகையில் ஆட்சியைக் கண்டித்து எழுதினால் சிறை. சுவாமி விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தவர் இவர்தான்.

1907 ஆகஸ்டில் 'வந்தே மாதரம்' பத்திரிகை மீதான வழக்கு நடந்தது. அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி பிபின் சந்திர பால் என்ற பெரிய தலைவரைக் கோர்ட்டுக்கு அழைத்தார்கள். 'சொல்ல மாட்டேன்' என்று அவர் மறுத்துவிட்டார். ஆறு மாதச் சிறை! கோர்ட்டு வாசலில் மாணவர்கள் கூட்டமாகக் கூடி 'வந்தே மாதரம்' என்று முழங்கினார்கள். போலீசார் தடியால் அடித்தார்கள். சுசில் குமார் சென் என்ற 15 வயதுப் பையன் பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியைத் திருப்பி அடித்துவிட்டான். கிங்ஸ்ஃபோர்டு கொடுத்த தண்டனை: 15 கசையடி.

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு படிக்கிற பையனைக் கட்டி வைத்து 15 அடி! வங்காளத்து இளைஞர்கள் கொதித்துப்போனார்கள்.

இந்த இடத்தில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு வருகிறது. அந்த பிபின் சந்திர பால் 1908 மார்ச் 9-ஆம் தேதி விடுதலையானார் அல்லவா? அதைக் கொண்டாடக் கூட்டம் போட்டார்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். அதற்காகத்தான் மார்ச் 12-ஆம் தேதி அவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். கல்கத்தாவில் ஒரு கோர்ட்டு வாசலில் தொடங்கியது, திருநெல்வேலித் தெரு வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள்.

திறக்காத புத்தகம்

கிங்ஸ்ஃபோர்டைத் தீர்த்துவிடுவது என்று கல்கத்தாவின் ரகசியச் சங்கத்தார் முடிவு செய்தார்கள். அரவிந்தரின் தம்பி பாரீந்திர குமார் கோஷ்தான் அவர்களுக்குத் தலைவர். துப்பாக்கி கேட்ட பையனை விரட்டினாரே ஹேமச்சந்திரர், அவர் இதற்குள் பாரீஸ் வரைக்கும் போய் வெடிகுண்டு செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார்.

முதலில் ஒரு தந்திரம் செய்தார்கள். தடிமனான சட்டப் புத்தகம் ஒன்றின் உட்பக்கங்களை வெட்டி எடுத்து, அந்தக் குழிக்குள் ஒரு கோகோ டப்பாவை வைத்து, அதற்குள் குண்டை வைத்தார்கள். புத்தகத்தைப் பிரித்தால் வெடிக்கும். அதைப் பார்சலாகக் கட்டி 1908 தொடக்கத்தில் கிங்ஸ்ஃபோர்டு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அவர் என்ன செய்தார்? யாரோ இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டார்! புத்தகத்தைத் திறக்காததால் உயிர் பிழைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். (இதைக் காரணம் காட்டி நீங்கள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிடாதீர்கள்!)

இதற்கிடையே, கிங்ஸ்ஃபோர்டின் உயிருக்கு ஆபத்து என்று சர்க்காருக்குச் சந்தேகம் வந்தது. அவரைப் பீகாரில் உள்ள முசாபர்பூருக்கு மாவட்ட நீதிபதியாக மாற்றினார்கள். புத்தகமும் அவருடைய மற்றச் சாமான்களோடு ரயில் ஏறிப் போனது.

அவர் பின்னாலேயே இரண்டு பையன்களும் போனார்கள்.

தர்மசாலையில் இருவர்

ஒருவன் குதிராம். இன்னொருவன் பிரபுல்ல சாக்கி. போக்ரா மாவட்டத்துக்காரன். அந்த ஊர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. குதிராமைவிட ஒரு வயது மூத்தவன். ரங்கபூர் பள்ளியில் படித்து, போராட்டத்தில் கலந்துகொண்டதால் வெளியேற்றப்பட்டவன்.

ரகசிய வேலைக்குப் போகிறவர்களுக்குப் புனைபெயர் உண்டு. குதிராமின் பெயர் ஹரேன் சர்க்கார். பிரபுல்லனின் பெயர் தினேஷ் சந்திர ராய். பிடிபட்ட பிறகும் குதிராம் தன் தோழனைத் 'தினேஷ்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

முசாபர்பூரில் ஒரு தர்மசாலையில் தங்கினார்கள். வந்தவுடன் குண்டை எடுத்து வீசிவிடவில்லை. நாள் கணக்கில் காத்திருந்து கவனித்தார்கள். கிங்ஸ்ஃபோர்டு எப்போது கோர்ட்டுக்குப் போகிறார், எப்போது ஐரோப்பியர் கிளப்புக்குச் சீட்டாடப் போகிறார், எப்போது திரும்புகிறார், அவர் குதிரை வண்டி எப்படி இருக்கும் என்று எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டார்கள். கோர்ட்டில் வைத்து வீசினால் ஜனங்கள் சாவார்கள், அது கூடாது என்று யோசித்துத்தான் கிளப்புப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள்.

1908 ஏப்ரல் 30. இருட்டான இரவு. மணி சுமார் எட்டரை. கிளப்பிலிருந்து ஒரு குதிரை வண்டி புறப்பட்டு வந்தது. அதே மாதிரி வண்டி! மரத்தடியில் பதுங்கியிருந்த இருவரும் ஓடி வந்தார்கள். குதிராம் குண்டை வீசினான். வண்டி சிதறியது. இருட்டில் இருவரும் ஓடி மறைந்தார்கள்.

அந்த வண்டியில் கிங்ஸ்ஃபோர்டு இல்லை.

அவருடைய வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. முன்னால் போனது பிரிங்கிள் கென்னடி என்ற வழக்கறிஞரின் வீட்டு வண்டி. உள்ளே இருந்தவர்கள் அவருடைய மனைவியும், மகள் கிரேஸும். மகள் கொஞ்ச நேரத்திலேயே இறந்துபோனார். அம்மா இரண்டு நாள் கழித்து இறந்தார். வண்டியோடு வந்த வேலைக்காரரும் காயப்பட்டார்.

குதிராமைப் பற்றிய சில கதைகளில் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. அந்தத் தாயும் மகளும் யாருக்கும் கசையடி கொடுக்கவில்லை. சீட்டாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். யாரைத் தண்டிக்க நினைத்தார்களோ அவர் கீறல்கூட இல்லாமல் தப்பினார். சம்பந்தமே இல்லாதவர்கள் போனார்கள். நாட்டுக்காகச் செய்தது என்பதால் அந்த இரண்டு உயிர்கள் இல்லை என்று ஆகிவிடுமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்தக் கேள்வியை அன்றைக்கே பெரிய பெரிய தலைவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வாய் தண்ணீர்

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள். குதிராம் ரயில் பாதையை ஒட்டி இரவு முழுக்க நடந்தான். சுமார் 25 மைல். அதாவது 40 கிலோ மீட்டர்! தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டைத் தாண்டிப் போகிற தூரம் இருக்கும். விடிந்தபோது வைனி என்ற சின்ன ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தான். கால் ஒடிந்துவிடும்போல் வலி. நாக்கு வறண்டு போயிருந்தது. ஒரு கடையில் போய்த் தண்ணீர் கேட்டான்.

ஆனால் அவனைவிட வேகமாக ஒன்று அங்கே வந்து சேர்ந்திருந்தது. என்ன தெரியுமா? தந்தி! இரவோடு இரவாக எல்லா ஸ்டேஷனுக்கும் தந்தி பறந்திருந்தது. பத்தே சிங், சிவ பிரசாத் சிங் என்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் அங்கே நின்றிருந்தார்கள். கால் முழுக்கப் புழுதி, முகமெல்லாம் வேர்வை, ஊருக்குப் புதுசு. அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றிரண்டு கேள்வி கேட்டார்கள். பதில் சரியாக இல்லை. பிடித்தார்கள். குதிராம் திமிறினான். அவனிடம் இருந்த கைத்துப்பாக்கி ஒன்று கீழே விழுந்தது. இன்னொன்றை எடுப்பதற்குள் கட்டிப் பிடித்துவிட்டார்கள்.

சோதனை போட்டபோது அவனிடம் இருந்தவை இவை: இரண்டு கைத்துப்பாக்கிகள், 37 தோட்டாக்கள், 30 ரூபாய், ஒரு ரயில்வே வரைபடம், ரயில் நேர அட்டவணையிலிருந்து கிழித்த ஒரு தாள்.

மே 1-ஆம் தேதி அவனை முசாபர்பூருக்கு ரயிலில் கொண்டுவந்தார்கள். ஸ்டேஷனில் எள் போட்டால் எள் விழாது. குண்டு வீசியவன் என்றால் மீசை வைத்த முரட்டு ஆளாக இருப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் இறங்கினான்! கவலையே இல்லாத முகத்தோடு வண்டிவரை நடந்துபோய் உட்கார்ந்தவன், உரத்த குரலில் 'வந்தே மாதரம்' என்று முழங்கினான். இதை எழுதி வைத்தது யார் தெரியுமா? ஆங்கிலேயர்கள் நடத்திய 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை.

அந்த நேரத்தில் பிரபுல்லன் தப்பிவிட்டான் என்றே குதிராம் நினைத்துக்கொண்டிருந்தான். அதனால் எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான்.

பிரபுல்லனும் தப்பவில்லை. முகம் தெரியாத ஒரு நல்ல மனிதர் அவனுக்குச் சோறு போட்டு, புதுத் துணி கொடுத்து, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். ஆனால் ரயிலில் அவன் இருந்த பெட்டியில், லீவில் ஊருக்குப் போய்வந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இருந்தார். நந்தலால் பானர்ஜி என்று பெயர். நட்பாகப் பேச்சுக் கொடுத்தே கண்டுபிடித்துவிட்டார். மோகாமா ஸ்டேஷனில் சுற்றி வளைத்தபோது, பிடிபடாமல் பிரபுல்லன் தன் கையாலேயே உயிரை விட்டான். 19 வயது.

சிரித்த முகம்

மே 21-ஆம் தேதி விசாரணை தொடங்கியது. குதிராமுக்காக வாதாடக் காளிதாஸ் பாசு முதலிய வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் வந்தார்கள். பிரபுல்லன் படித்த ரங்கபூரிலிருந்தும் வழக்கறிஞர்கள் ரயிலேறி வந்தார்கள். குதிராமுக்கு வழக்குப் பற்றிப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 13-ஆம் தேதி தீர்ப்பு. தூக்குத் தண்டனை! அதைக் கேட்டதும் அவன் சிரித்தான். நீதிபதிக்கு ஒன்றும் புரியவில்லை. பையனுக்குத் தீர்ப்பு விளங்கவில்லையோ என்று நினைத்து, புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்று தலையை ஆட்டினான்.

கல்கத்தா ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்தார்கள். ஜூலை 13-ஆம் தேதி அங்கேயும் தண்டனையை உறுதி செய்துவிட்டார்கள்.

அந்த 1908 ஜூலை மாதம் இருக்கிறதே, அது நம் நாட்டுக்கு ஒரு பொல்லாத மாதம். 7-ஆம் தேதி வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை. 13-ஆம் தேதி குதிராமுக்குத் தூக்கு உறுதி. 22-ஆம் தேதி பாலகங்காதர திலகருக்கு ஆறு ஆண்டு நாடு கடத்தல். திலகர் என்ன குற்றம் செய்தார் என்கிறீர்களா? முசாபர்பூர் குண்டைப் பற்றித் தன் 'கேசரி' பத்திரிகையில் எழுதினார். குண்டு வீசியது சரி என்று அவர் சொல்லவில்லை. ஜனங்களை இப்படி நசுக்கினால் இளைஞர்கள் குண்டைத்தானே எடுப்பார்கள், தப்பு சர்க்காரின் கொள்கையில் இருக்கிறது என்றார். அதற்குத்தான் பர்மாவில் உள்ள மாண்டலே சிறை! பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைக்குப் போகாமல் எதிர்ப்பைக் காட்டினார்கள்.

காந்திஜி அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் கட்சி வேறு. ஆளைக் கொன்று வாங்கும் விடுதலை, கொல்லத் தெரிந்தவர்கள் கையில்தான் போய்ச் சேரும் என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டு, 1909-இல், 'ஹிந்த் ஸ்வராஜ்' என்ற நூலில் இதை விரிவாக வாதாடினார். நான் ஏற்கெனவே சொன்னேனே, தலைவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி என்று. அது இதுதான்.

சிறையில் குதிராம் புத்தகம் கேட்டு வாங்கிப் படித்தான். யாரையாவது பார்க்க ஆசையா என்று வழக்கறிஞர்கள் கேட்டபோது, மேதினிபூரை ஒரு முறை பார்க்க வேண்டும், அக்காவையும் அக்கா பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்று சொன்னானாம். ராஜத்துரோகியின் சொந்தக்காரர்கள் என்றால் அந்தக் காலத்தில் சும்மா விடுவார்களா? அபரூபாவால் வர முடியவில்லை. மூன்று பிடி குருணை கொடுத்து வாங்கிய தம்பியைக் கடைசியாக ஒரு முறை பார்க்க அந்த அக்காவுக்கு முடியவில்லை.

1908 ஆகஸ்ட் 11. காலை 6 மணி. முசாபர்பூர் சிறை. நிமிர்ந்து நடந்துபோய், சிரித்த முகத்தோடு மேடை ஏறினான் என்று பத்திரிகைகள் எழுதின. அன்று அவனுக்கு 18 வயது, 8 மாதம், 8 நாள்.

வெளியே, கண்டகி ஆற்றங்கரையில் சிதை மூட்டினார்கள். போலீஸ் காவலையும் மீறி ஜனங்கள் பூவோடு வரிசையில் நின்றார்கள்.

வேட்டிக் கரையில் ஒரு பெயர்

கொஞ்ச நாளில் வங்காளத்துக் கிராமங்களில் ஒரு பாட்டுப் பரவியது. தூக்குக்குப் போகும் பையன் அம்மாவிடம் விடை கேட்பதுபோல் அமைந்த பாட்டு. தெருப் பாடகர்கள் பாடினார்கள், படகோட்டிகள் பாடினார்கள். இன்றைக்கும் அந்தப் பாட்டு தெரியாத வங்காளி கிடையாது. நெசவாளர்கள் வேட்டிக் கரையிலேயே 'குதிராம்' என்று பெயரை நெய்தார்கள். பள்ளிப் பையன்கள் அந்த வேட்டிக்கு அடித்துக்கொண்டார்களாம்!

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? குண்டு வெடித்த இரண்டே நாளில் கல்கத்தாவில் போலீசார் வீடு வீடாகப் புகுந்து, அரவிந்தர், பாரீந்திரர், ஹேமச்சந்திரர் என்று எல்லோரையும் பிடித்துவிட்டார்கள். 'டெபுடி மகன்' என்று சொல்லிக் குதிராமைக் காப்பாற்றிய சத்தியேந்திரநாத், அதே ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். சிறைக்குள்ளேயே, காட்டிக்கொடுத்த ஒருவனைச் சுட்டுக் கொன்ற வழக்கு அது. பாரீந்திரரும் ஹேமச்சந்திரரும் அந்தமான் சிறைக்குப் போனார்கள். அரவிந்தர் 1909 மே மாதம் விடுதலையானார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். அங்கே ஏற்கெனவே தஞ்சம் புகுந்திருந்தவர் நம் பாரதியார். இருவரும் நண்பர்கள் ஆனது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

குதிராம் தண்ணீர் கேட்ட வைனி ஸ்டேஷனுக்கு இன்று 'குதிராம் போஸ் பூசா' என்று பெயர். அவனைத் தூக்கிலிட்ட முசாபர்பூர் சிறைச்சாலை அவன் பெயரில்தான் இருக்கிறது. கொல்கத்தா மெட்ரோ ரயிலில் போனால் 'ஷஹீத் குதிராம்' என்று ஒரு நிலையம் வரும்.

அதெல்லாம் சரி, அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அது கிங்ஸ்ஃபோர்டின் சாமான்களுக்கு நடுவே ஓராண்டுக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடந்தது. அப்புறம் சிறையில் இருந்தவர்களிடமிருந்து துப்புக் கிடைத்து, 1909-இல் போலீசார் போய்த் தேடி எடுத்தார்கள். வெடிமருந்து நிபுணர் ஒருவர் பதனமாகச் செயலிழக்கச் செய்தார். கொல்கத்தாவில் போலீஸ் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எப்போதாவது கொல்கத்தா போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.